கடைப் பெயர் போட்ட பக்கற்

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் மகளும் பேரனும் வந்திருந்தார்கள். பேரனுக்குப் பதினொரு வயது. வந்தவுடன் குசினி அலுமாரியைத் திறப்பது அவன் வழக்கம். அன்றும் திறந்து பார்த்துவிட்டு, "அம்மப்பா, உங்கட வீட்டில ஏன் எப்பவும் கடைப் பேர் போட்ட கிறிஸ்ப்ஸ்தான் இருக்கு?" என்று கேட்டான்.

நானும் முப்பது வருடமாகச் சொல்லும் பதிலைச் சொன்னேன். "எல்லாம் ஒரே கிழங்கு, ஒரே எண்ணெய், ஒரே உப்பு. மற்றப் பக்கற்றில பேருக்குத்தான் காசு."

மகள் சிரித்தாள். பிறகு தாயைப் பார்த்து, "அப்பாவுக்கு இன்னும் தெரியாது, என்னம்மா?" என்றாள். மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டா.

எனக்கு என்ன தெரியாது என்பதைப் பிறகு சொல்கிறேன். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. என் தொழில் கணக்கு எழுதுவது. ஒரு கணக்குச் சரிவராவிட்டால் முதலிலிருந்து எடுத்துப் பார்ப்பேன். அப்படித்தான் இந்தப் பக்கற்றின் கதையையும் முதலிலிருந்து பார்க்க வெளிக்கிட்டேன்.

நான் 1979-இல் இலண்டனுக்கு வந்தபோது சிப்ஸுக்கும் கிறிஸ்ப்ஸுக்கும் வித்தியாசம் தெரியாது. ஊரில் மரவள்ளிக்கிழங்கையும் வாழைக்காயையும் சீவிப் பொரித்தால் அதைச் சிப்ஸ் என்போம். இங்கே சிப்ஸ் என்று கேட்டால் விரல் மொத்தத்தில் சுடச்சுடக் கிழங்குப் பொரியலைக் கடதாசியில் சுற்றித் தருவார்கள். சீவல் வேண்டுமென்றால் கிறிஸ்ப்ஸ் என்று கேட்க வேண்டும். பகலில் படிப்பு, இரவில் பெற்றோல் செற்றில் வேலை. அங்கே காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கிய பக்கற்றுகளைப் பார்த்துத்தான் கிறிஸ்ப்ஸின் சுவைகளைப் பழகினேன். எனக்குப் பிடித்தது உப்பும் வினாகிரியும் போட்டது. இங்கத்தைய பெயர் சோல்ட் அன்ட் வினிகர்.

வினாகிரி என்ற சொல்லைத் தமிழ்நாட்டு நண்பர்கள் கேட்டால் விழிப்பார்கள். அது போர்த்துக்கேயர் நம்மிடம் விட்டுப்போன சொல். குசினியும் அலுமாரியும் அவர்கள் தந்தவைதான். ஊரில் நல்ல வினாகிரி தென்னங்கள்ளிலிருந்து வரும். கள்ளு முதலில் புளித்து வெறியாகும், பிறகு அந்த வெறியே புளிப்பாக மாறும். அச்சாறு போட அதைத்தான் தேடி வாங்குவோம். இங்கிலாந்தில் தென்னை இல்லை, பார்லி இருக்கிறது. பார்லியை முளைக்கவைத்து, மதுவாகக் காய்ச்சி, அதைப் புளிக்கவிட்டால் மோல்ட் வினிகர். சார்சன்ஸ் என்ற பெயரில் 1794 முதல் விற்பனையாவது இதுதான். மண்ணிற நீர், முகர்ந்தால் மூக்கில் ஏறும் மணம். வெள்ளைக்காரர் மீனும் சிப்ஸும் சாப்பிடும்போது இதைத்தான் மேலே தெளிப்பார்கள்.

எல்லாக் கடையிலும் அது கிடைக்குமென்று நினைக்க வேண்டாம். பல மீன்-சிப்ஸ் கடைகளில் மேசையில் நிற்பது தண்ணீரில் அசெற்றிக் அமிலத்தைக் கலந்து, கருக்கிய சீனியால் நிறமூட்டிய நீர். சட்டப்படி அதை வினிகர் என்று சொல்லி விற்க முடியாது. ஊர்க் கடைகளிலும் தென்னங்கள்ளு வினாகிரிக்குப் பக்கத்தில் செயற்கை வினாகிரி என்றொரு போத்தல் நின்றது உங்களுக்கு ஞாபகமிருக்கும்.

இனிக் கிறிஸ்ப்ஸுக்கு வருவோம். 1853-இல் அமெரிக்காவில் சரட்டோகா என்ற இடத்தில் ஜோர்ஜ் கிறம் என்ற சமையற்காரர், குறைசொன்ன விருந்தாளி ஒருவர்மீது கோபித்துக் கிழங்கைக் கடதாசிபோலச் சீவிப் பொரித்தார் என்ற கதையைப் பலரும் சொல்வார்கள். அது கதைதான். வில்லியம் கிச்சினர் என்ற இலண்டன் மருத்துவர் ஒரு சமையல் நூல் எழுதினார். அது முதலில் வெளிவந்தது 1817-இல். அதன் பழைய பதிப்புகளிலேயே கிழங்கை மெல்லிய சீவலாகப் பொரிக்கும் குறிப்பு உண்டு.

அதை இந்த நாட்டில் பெரிய வியாபாரமாக்கியவர் பிராங்க் ஸ்மித். 1920-இல் வட இலண்டன் கிறிக்கில்வூட்டில் ஒரு கராஜில் மனைவியோடு சேர்ந்து தொடங்கினார். கிழங்கு பொரிந்ததும் எண்ணெய்க் கடதாசிப் பைகளில் போட்டுத் தவறணைகளுக்குக் கொண்டுபோய் விற்றார். ஒவ்வொரு பைக்குள்ளும் நீலக் கடதாசியில் முறுக்கிய ஒரு சிட்டிகை உப்பு இருக்கும். பிரித்துத் தூவிக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் காலத்தில் சுவையைத் தீர்மானித்தது சாப்பிடுகிறவரின் கை.

1954-இல் அயர்லாந்தின் டப்ளினில் ஜோ மேர்பி என்பவர் ரேற்றோ என்ற நிறுவனத்தைத் தொடங்கிச் சீஸும் வெங்காயமும் சேர்ந்த சுவையை ஆலையிலேயே கிழங்கில் ஏற்றினார். 1962-இல் ஸ்கொற்லாந்தின் கோல்டன் வொண்டர் நிறுவனம் அதே சுவையோடு பிரித்தானியச் சந்தையில் இறங்கியது. ஸ்மித்ஸ் சும்மா இருக்க முடியுமா? மீன்-சிப்ஸ் கடைச் சுவையையே பக்கற்றுக்குள் கொண்டுவந்தார்கள். வடகிழக்கு இங்கிலாந்தில் தங்களுக்குச் சொந்தமான ரியூடர் நிறுவனத்தின் பெயரில் முதலில் விற்றுப் பார்த்தார்கள். அங்கே எடுபட்டதும் 1967-இல் நாடு முழுவதும் விட்டார்கள். நான் பெற்றோல் செற்றில் முதன்முதல் கடித்தபோது அந்தச் சுவைக்கு வயது பன்னிரண்டுதான்.

ஈரமான வினாகிரியை மொறுமொறுவென்ற கிழங்கில் எப்படி ஏற்றினார்கள்? தெளித்தால் கிழங்கு துவண்டுவிடும். காயவைத்தால் புளிப்பைத் தரும் அசெற்றிக் அமிலம் ஆவியாகப் போய்விடும். ஆகவே அந்த அமிலத்தை ஏதாவதொரு தூளில் கட்டிவைக்க வேண்டும். சோடியம் டைஅசெற்றேற் என்ற உப்பு அதற்கு உதவுகிறது. அதன் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு அசெற்றிக் அமிலம். வாயில் ஈரம் பட்டதும் அந்தப் புளிப்பு வெளியே வரும். மாப்பொருளிலிருந்து எடுத்த தூளில் வினாகிரியை ஏற்றிக் காயவைப்பது இன்னொரு வழி. இவற்றோடு எலுமிச்சையில் உள்ள சிற்றிக் அமிலம், அப்பிளில் உள்ள மலிக் அமிலம், புளிப்பை அடக்கக் கொஞ்சம் சீனி அல்லது பாற்சீனி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்கில் சேர்ப்பார்கள்.

சுவை பார்ப்பதற்கு இந்த அறிவு உதவும். மூக்கில் ஏறும் காரம் அசெற்றிக் அமிலத்தின் வேலை. நாக்கில் சுரீரென்று குத்திவிட்டு மறைவது சிற்றிக் அமிலம். விழுங்கிய பிறகும் நின்று புளிப்பது மலிக் அமிலம். உண்மையான மோல்ட் வினிகர் சேர்ந்திருந்தால் முளைத் தானியத்தின் மெல்லிய இனிப்பு மணமும் வரும். பக்கற்றின் பின்பக்கத்தில் பார்லி என்ற சொல் தடித்த எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்காக 2014 டிசெம்பர் முதல் அப்படி அச்சிட வேண்டும் என்பது சட்டம். மோல்ட் வினிகர் சேர்ந்திருப்பதைக் கண்டுபிடிக்க நமக்கும் அது வசதி.

இனி, கடைப் பெயர் என்ற விடயம். கடைக்காரர் தம் பெயரில் பொருள் விற்பது புதிதல்ல. செயின்ஸ்பரி 1903-இலேயே தன் பெயரில் தேயிலை விற்றது. மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் 1928-இல் சென் மைக்கல் என்ற பெயரைப் பதிவுசெய்தது. ஆனால் நீண்ட காலம் பல பொருட்களின் விலையைத் தீர்மானித்தவர் தயாரிப்பாளர். கடைக்காரர் அதற்குக் கீழே விற்க முடியாது. எட்வேர்ட் ஹீத் அமைச்சராக இருந்து கொண்டுவந்த 1964-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கட்டைப் பெரும்பாலும் அவிழ்த்துவிட்டது. விலைப் போட்டி தொடங்கியது. பெரிய கடைகள் வளர்ந்தன, அவற்றின் சொந்தப் பெயர்ப் பொருட்களும் பெருகின. செயின்ஸ்பரி 1962 முதல் பீற்றர் டிக்சன் என்பவரின் பொறுப்பில் தனக்கென ஒரு வடிவமைப்புக் கூடமே நடத்தியது. அந்தக் காலத்துப் பக்கற்றுகளின் படங்களைப் பார்த்தால் இன்றும் அழகாக இருக்கின்றன. கடைப் பெயரில் வாங்குவது அன்று வெட்கமல்ல, புத்திசாலித்தனம்.

1975-இல் விலைவாசி ஒரே வருடத்தில் நூற்றுக்கு இருபத்துநாலு வீதம் ஏறியது. சனம் ஒவ்வொரு பென்ஸையும் எண்ணத் தொடங்கியது. 1990-இல் ஜேர்மனியிலிருந்து அல்டி வந்தது, 1994-இல் லிடில் வந்தது. இரண்டுக்கும் நடுவே 1993-இல் ரெஸ்கோ தன் வலியூ வரிசையைக் கொண்டுவந்தது. வெள்ளைப் பக்கற், நீலக் கோடுகள், பெரிய எழுத்தில் பொருளின் பெயர், வேறொன்றும் இல்லை. மற்றக் கடைகளிலும் இப்படியான மலிவு வரிசைகள் வந்தன.

அந்தப் பக்கற்றுகள் ஏன் அவ்வளவு வெறுமையாக இருந்தன? அச்சு மை மிச்சம் என்று நினைத்திருந்தேன். ஆனால் நீலப் படம் ஒன்று போடுவதற்கு எவ்வளவு செலவாகிவிடும்? இதற்கு ஒரு விளக்கத்தை 1849-இல் பிரான்சின் பொறியியலாளர் ஜூல் டியூப்பி எழுதி வைத்திருக்கிறார். அக்காலத்தில் புகையிரத மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரையில்லை. கூரை போடுவதற்குச் சில ஆயிரம் பிராங்குகள்தான் செலவாகும் என்கிறார் அவர். ஏழைகளை நனையவைப்பது கம்பனியின் நோக்கமல்ல. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறாமல் தடுப்பதுதான் நோக்கம். மலிவுப் பக்கற்றுக்கும் இதே விளக்கத்தைப் பொருளியல் படித்தவர்கள் சொல்வதுண்டு. பார்க்க நன்றாயிருந்தால், வசதியுள்ளவரும் அதையே எடுத்துவிடுவார். இதை வாசித்தபோது என் கணக்கின் காணாமற்போன வரி அகப்பட்டதுபோல இருந்தது.

ஏனென்றால், 1992-இன் கடைசியில் எனக்கு வேலை போனது. நாடு முழுவதும் அப்படித்தான். 1993 தொடக்கத்தில் வேலையில்லாதவர் தொகை ஏறத்தாழ 30 இலட்சம். ஊரிலே சண்டை. அம்மாவுக்கும் தங்கச்சி குடும்பத்துக்கும் மாதாமாதம் காசு அனுப்பியாக வேண்டும். ஈஸ்ற்ஹாமில் இரண்டு அறை வீடு. மகளுக்கு எட்டு வயது. மனைவி கடைக்குப் போனால் அலுமாரியின் அடித்தட்டில் இருக்கும் மலிவுப் பக்கற்றைத்தான் எடுப்பா.

அந்த நாளில் மனைவி காலையில் எழும்பிக் கிறிஸ்ப்ஸைப் பக்கற்றிலிருந்து கொட்டி, சின்ன மூடிப் பெட்டி ஒன்றில் போட்டு, மகளின் சாப்பாட்டுப் பைக்குள் வைப்பதைக் கண்டிருக்கிறேன். கண்டு ஏசியும் இருக்கிறேன். "பக்கற்றோட குடுத்துவிட்டா என்ன? காத்துப்பட்டு மொறுமொறுப்புப் போயிடும். காசு குடுத்து வாங்கிற சாமானை இப்பிடிப் பழுதாக்காதேங்கோ." மனைவி ஒன்றும் சொன்னதில்லை. மறுநாளும் பெட்டியில்தான் போடுவா.

எனக்குத் தெரியாமலிருந்தது இதுதான். பள்ளிக்கூடத்தில் மகளின் பக்கற்றைப் பார்த்து இரண்டு பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அவள் அன்று கிறிஸ்ப்ஸைச் சாப்பிடாமல் கொண்டுவந்து தாயிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த நாளிலிருந்து பெட்டி. "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று மனைவியைக் கேட்டேன். "நீங்கள் ஏற்கெனவே ராத்திரியில முழிச்சுக்கொண்டு படுத்திருப்பியள். இதையும் சொல்லவோ?" என்றா. எட்டு வயதுப் பிள்ளையும் அதை முப்பது வருடத்துக்கு மேல் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறது.

பேரனுக்கு இந்தக் கதை விளங்கியதோ தெரியாது. ஆனால் அவன்தான் வழி சொன்னான். "அம்மப்பா, கண்ணைக் கட்டிச் சாப்பிட்டுப் பாப்பமா?"

அடுத்த சனிக்கிழமை செய்தோம். பெயர்பெற்ற நிறுவனத்தின் பக்கற் ஒன்று, நாலு கடைகளின் சொந்தப் பக்கற் நாலு. பேரன் அவற்றைக் குசினிக்குள் பிரித்து, அ, ஆ, இ, ஈ, உ என்று எழுதிய தட்டுகளில் போட்டுக் கொண்டுவந்தான். பக்கற்றைக் காட்டக்கூடாது என்பது முக்கியம். வோக்கர்ஸ் இந்தச் சுவைக்குப் பச்சைப் பக்கற் போடுகிறது. கோல்டன் வொண்டர் நீலம் போடுகிறது. நிறத்தைக் கண்டாலே மூளை தீர்ப்பு எழுதிவிடும். தட்டுக்குத் தட்டு நடுவில் தண்ணீரும் ஒரு துண்டு வெறும் பாணும். புளிப்பு நாக்கில் ஏறிக்கொண்டே போவதால் ஒவ்வொருவரும் வேறு வேறு ஒழுங்கில் சாப்பிட்டோம். அடியில் கிடக்கும் நொறுங்கலில் தூள் அதிகம், அதைத் தொடவில்லை. முதலில் மணம், பிறகு கடி, பிறகு புளிப்பு, கடைசியில் கிழங்கின் சுவை. ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி.

கடைப் பெயர்களை எழுதப் போவதில்லை. செய்முறையைக் கடைகள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நான் சொல்வது அடுத்த வருடம் பொய்யாகிவிடும். முடிவை மட்டும் சொல்கிறேன். எல்லாம் ஒன்றல்ல. முப்பது வருடமாக நான் சொன்ன பதில் பிழை. ஆகமலிவான தட்டு உ. அது சுரீரென்று குத்தி உடனே மறைந்தது, கிழங்கின் சுவை குறைவு. பெயர்பெற்றது தட்டு ஆ. கடி நன்றாயிருந்தது, மணம் நடுத்தரம். நாலு பேரின் புள்ளிகளையும் கூட்டினால் முதலாவதாக வந்தது தட்டு இ, ஒரு கடையின் சொந்தப் பக்கற். பார்லி என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது அதில்தான். மனைவி அதை முகர்ந்தவுடனேயே, "இது எங்கட தென்னங்கள்ளு வினாகிரி மாதிரிக் கிடக்கு" என்றா. நான் பெயர்பெற்றதைக் கட்டாயம் கண்டுபிடிப்பேன் என்று சவால்விட்டு, தட்டு ஈ என்றேன். அதுவும் கடைப் பக்கற். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

முதலாவதுக்கும் கடைசிக்கும் நாற்பதில் பதினொரு புள்ளி வித்தியாசம். கிழங்கைச் சீவும் மொத்தம், எண்ணெய், தூளின் கணக்கு என்று ஒவ்வொரு கடையும் பொரிக்கும் ஆலைக்கு வேறு வேறு குறிப்புக் கொடுக்கிறது. அதனால் வந்த வித்தியாசம். ஆனால் அந்தப் பதினொரு புள்ளிக்காக ஒரு பிள்ளை பக்கற்றை ஒளிக்கவில்லை. நாக்குக்குத் தெரியும் வித்தியாசம் வேறு, கண்ணுக்குக் காட்டுவதற்கென்று செய்த வித்தியாசம் வேறு. இரண்டாவதைத்தான் அவள் தோளில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

"அந்த நாளில இருந்த மாதிரி ஒண்டும் இல்லையப்பா" என்றாள் மகள். அது உண்மைதான். உணவில் உப்பைக் குறைக்கச் சொல்லி அரசு நிறுவனம் 2006-இல் இலக்குகள் வைத்தது. இங்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உப்பு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சராசரி 9.5 கிராமாக இருந்தது, 2011-இல் 8.1 கிராமானது. பெரியவர்களுக்கு 6 கிராமுக்கு மேல் கூடாது என்பது விதி. நம் வயதில் பிரஷர் குளிசை போடுகிறவர்கள் பக்கற்றின் பின்பக்கத்தில் 100 கிராமுக்கு எவ்வளவு உப்பு என்று பாருங்கள். 1.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு.

அந்த மூடிப் பெட்டி இன்னும் எங்கள் குசினியில் இருக்கிறது. மனைவி அதில் மஞ்சள் தூள் போட்டு வைத்திருக்கிறா. பிளாஸ்ரிக் முழுக்க மஞ்சள் ஏறிவிட்டது. இத்தனை வருடமும் அந்தப் பெட்டியிலிருந்து மஞ்சளை எடுத்துத்தான் கறி வைத்திருக்கிறோம்.

நண்பர்களே, அந்தக் காலத்தில் இங்கே பிள்ளை வளர்த்தவர்கள் உங்களில் பலர். உங்கள் பிள்ளைகள் அடுத்த முறை வரும்போது, சாப்பாட்டுப் பைக்குள் எதை ஒளித்துக்கொண்டு போனார்கள் என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வார்கள். கேட்கத்தான் நமக்கு முப்பது வருடம் எடுக்கிறது.